இரண்டாம் விசை

இரும்பு அலமாரியைத் திறந்ததும் புகையிலை வாசம் வந்தது. எலியாஸ் புகைப்பவன் அல்ல. அந்த வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை. அலமாரிக்கு இருப்பது ஒரே சாவி, அதுவும் அவன் கழுத்துக் கயிற்றில் கிடந்தது. ஆனாலும் செய்தித்தாளில் சுருட்டிய மலிவுப் புகையிலையின் காரமும் விறகுப்புகை ஏறிய வேர்வையும் கலந்த ஒரு மனித வாசம், துப்பாக்கி எண்ணெயின் வாசத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

இரட்டைக்குழல் ரைஃபிளை எடுத்துத் தடவிப் பார்த்தான். குழல்களின் அடிப்பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் இரும்பு வெதுவெதுப்பாக, லேசான ஈரத்தோடு இருந்தது. மற்ற இடமெல்லாம் சில்லென்று கிடந்தது. சுமப்பவனின் தோள்பட்டை படுகிற இடம் அது. இந்தப் பள்ளத்தாக்கில் தடம் பார்ப்பவர்கள் அப்படித்தான் துப்பாக்கியைச் சுமப்பார்கள், குழல்வாய் முன்னால், கட்டை பின்னால். எலியாஸின் துப்பாக்கியைச் சுமந்தவர் மரோவா. அவர் செத்து இன்றோடு ஒரு வருடம்.

"செப்டம்பர் வெயில். வேற என்ன," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே துணியால் துடைத்தான். மூன்று நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று நாளும் துடைத்த இடம் மறுநாள் காலையில் மறுபடி ஈரமாக இருந்தது.

அன்று மாலை மரோவாவின் வீட்டில் ஆண்டுச் சடங்கு. புதைத்த இடத்திலிருந்து இறந்தவரின் ஆவியை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். துப்பாக்கியோடு போகிற காரியம் இல்லை அது. ஆனால் துப்பாக்கியை இந்த வீட்டில், இந்த வாசத்தோடு தனியாக விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. உறையில் போட்டு வண்டியில் வைத்துக்கொண்டான்.

அந்தத் துப்பாக்கி வருவதற்கு முன்னால் அவன் வெறும் எலியாஸ். வேட்டை வழிகாட்டி உரிமம் இருந்தது, பதினாறு வருட அனுபவம் இருந்தது, சாம்பேசி ஆற்றின் இந்தக் கரையில் அவன் காலடி படாத யானைத்தடம் கிடையாது. இருந்தும் வெளிநாட்டிலிருந்து வேட்டைக்கு வருகிறவர்கள் அவனுடைய தேய்ந்துபோன ஒற்றைக்குழலைப் பார்த்துவிட்டு, உங்கள் முதலாளி எப்போது வருவார் என்று கேட்பார்கள். வெள்ளைக்கார வழிகாட்டிகளின் மடியில் இரட்டைக்குழல் கிடக்கும். கணப்பு நெருப்பின் வெளிச்சம் அதன்மேல் விழும்போது வந்தவர்களின் குரலே தாழ்ந்துபோகும். அதைப் பார்த்துப் பார்த்து எலியாஸின் வயிறு எரிந்தது. கிழட்டு வேட்டைக்காரர் ஒருவர் செத்து, அவருடைய மனைவி அவர் துப்பாக்கியை விற்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும், பதினொரு மாடுகளை ஒரே நாளில் ஓட்டிக்கொண்டுபோய் விற்றான்.

என்ன அழகு அது! நடுவில் மடித்துத் திறந்து மூடினால், நல்ல ஆசாரி செய்த பெட்டியின் மூடி விழுகிற சத்தம். கையில் எடுத்தால் பாரம் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வந்து தானாக உட்காரும். இரண்டு குழல், சுடுவதற்கு இழுக்க இரண்டு விசை. முன்விசைக்கு வலது குழல், பின்விசைக்கு இடது குழல். முதல் குண்டு தவறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் அடுத்தது. இடது கை விரலிடுக்கில் இரண்டு தோட்டாக்களைச் செருகிக்கொண்டு நடந்தால் மனிதனின் நடையே வேறாகிவிடுகிறது. வாங்கிய அடுத்த வாரமே வேட்டைக்கு வந்த பல் டாக்டர் ஒருவர் அவனை 'சார்' என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லுக்கு உருகிப்போனதை இப்போது நினைத்தாலும் எலியாஸுக்கு உடம்பு கூசுகிறது.

மரோவா மட்டும் மயங்கவில்லை. "என்ன தம்பி, புதுப் பொண்டாட்டியா? எந்நேரமும் தடவிக்கிட்டே இருக்கே," என்பார். "தடவினது போதும், பழகு. தோட்டா இல்லாம நாளைக்கு அம்பது தடவ. முன்விசை, பின்விசை. உன் விரலுக்கு இத்தன வருசமா ஒரே விசைதான் தெரியும்."

"எனக்கே பாடமாண்ணே?"

"எருமைக்கு முன்னால வெறுங்கையோட போறவன் நான்டா. எனக்காகப் பழகு."

பழகவில்லை. அந்த நேரத்தில் எண்ணெய் போட்டுத் துடைத்தான்.

போன வருடம் இதே நாளில், வேட்டைக்கு வந்த விருந்தாளி ஒருவரின் குண்டு ஒரு காட்டெருமையின் வயிற்றில் பாய்ந்தது. காயம்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு வருவது இந்தத் தொழிலில் கிடையாது. அரைமணி நேரம் காத்திருந்து, விருந்தாளியை வண்டியில் உட்காரவைத்துவிட்டு, இருவரும் ஆளுயரப் புல்லுக்குள் போனார்கள். மரோவா குனிந்து இரத்தத்தைப் பார்த்தபடி முன்னால், எலியாஸ் துப்பாக்கியோடு பின்னால். எருமை பக்கவாட்டிலிருந்து வந்தது. எலியாஸ் சுட்டான். குண்டு பட்டது, எருமை விழவில்லை. அடுத்த நொடி மரோவா அதன் கொம்புக்கடியில் கிடந்தார். மூன்றே எட்டு தூரம். எலியாஸ் மறுபடி விசையை இழுத்தான். முன்விசையை. சுட்டுத் தீர்ந்த குழலின் விசை தொளதொளவென்று வந்தது. மறுபடி இழுத்தான். ஏழு தடவை. இடது குழலில் தோட்டா அப்படியே இருந்தது. மரோவாவின் கண்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தன. "அடுத்தது, தம்பி," என்றார். "அடுத்தது."

எருமை முதல் குண்டின் காயத்தினாலேயே சற்று நேரத்தில் சாய்ந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணையில் எலியாஸ், இரண்டாவது தோட்டா சொத்தை, வெடிக்கவில்லை என்றான். எழுதிக்கொண்டார்கள். அன்று மாலையே தனியாகப் போய் அதே தோட்டாவைப் போட்டு, பின்விசையைத் தொட்டான். ஒரே தொடலில் வெடித்து எதிரே இருந்த மொப்பானே மரத்தைத் துளைத்தது. இது எதுவும் யாருக்கும் தெரியாது. மரோவாவின் மனைவி சேகாய் சாவு வீட்டில் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன பண்ணுவே தம்பி? பாழாப்போன தோட்டா சதி பண்ணிடுச்சு," என்று அவனுக்கு ஆறுதல் சொன்னாள். அவன் அதை வாங்கிக்கொண்டான். அதைவிடக் கேவலம், கணப்பருகே விருந்தாளிகளுக்கு அந்தக் கதையைச் சொல்லவும் பழகிக்கொண்டான். சாவைக் கிட்டத்தில் பார்த்த வழிகாட்டி என்று அவனைத் தேடி வந்தார்கள்.

அவன் மரோவாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முற்றத்தில் பாய்கள், பானைகளில் தினைக்கள் நுரைத்துப் புளித்த வாசம், சோளக்களி கிண்டுகிற பெண்களின் பேச்சு. முற்றத்துக்குப் பின்னால் வறண்ட ஓடைவரை புல் ஆளுயரத்துக்கு நின்றது. சேகாய் அவனுக்கு முதல் வரிசையில் இடம் போட்டிருந்தாள். அங்கே உட்கார அவனுக்குக் கூசியது. உட்கார்ந்தான்.

ஆவியை உள்ளே அழைப்பதற்கு முன் மரோவாவின் அண்ணன் எழுந்து நின்று கேட்டார். "செத்தவனுக்கும் உங்களுக்கும் நடுவுல ஏதாச்சும் கிடக்குதா? அவன் வீட்டுக்குள்ள வந்த பெறகு பேசக்கூடாது. இப்பவே சொல்லிடுங்க."

ஒருத்தன் கடன் வாங்கிய மண்வெட்டியைப் பற்றிச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் முறை கேட்டார். எலியாஸ் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் உரிமம் போகும், பெயர் போகும், துப்பாக்கி போகும். சொன்னால் சேகாய் நிமிர்ந்து பார்ப்பாள். மூன்றாம் முறை கேட்டார். எலியாஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

மேளம் தொடங்கியது. கூடவே ஓடைப் பக்கத்திலிருந்து கேலிக்காரன் வந்தான்.

துக்கவீட்டில் கேலிக்காரனுக்கு எல்லா உரிமையும் உண்டு. தாத்தா காலத்திலிருந்து தோழமை கொண்ட குடும்பத்து ஆள். செத்தவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவர் நடந்ததையும் தின்றதையும் செத்ததையும் நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பான். அவன் எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும், எதைச் சொன்னாலும் கோபிக்கக்கூடாது. இந்த வீட்டுக்கு அது சக்கரியாவின் வேலை. மரோவாவின் காக்கிக் கோட்டு, புருவம் மறைய இழுத்த தொப்பி, முகமெல்லாம் சாம்பல். மரோவாவின் நொண்டல் நடை அச்சு அசலாக இருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"பாரேன், சக்கரியா எப்பிடி நடக்கறான்னு! செத்தவன் எழுந்து வந்தாப்பல," என்று யாரோ சொன்னார்கள்.

அவன் எலியாஸின் முன்னால் வந்து கையை நீட்டினான். வண்டியைக் காட்டினான். கொடுக்காமல் இருக்க முடியாது. எலியாஸ் போய் உறையைக் கழற்றி எடுத்துவந்தான். குழல்கள் காலி என்று திறந்து பார்த்து, மூடிக் கொடுத்தான். அந்த நேரத்திலும், கூட்டம் துப்பாக்கியை வாய்பிளந்து பார்த்தபோது உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்தது. சீ என்று தன்னையே வெறுத்தான்.

கேலிக்காரன் துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டான். குழல்வாய் முன்னால், கட்டை பின்னால். குனிந்து தரையை முகர்ந்தான். சிரிப்பு. சட்டென்று திரும்பி, எலியாஸைப் போலக் காலை அகட்டி நின்று, துப்பாக்கியை உயர்த்தினான். முன்விசையில் விரல். 'டிக்' என்றது. குழந்தைகள் "டும்!" என்று கத்தினார்கள்.

பிறகு அவன் விரல் அதே விசையை மறுபடி இழுத்தது.

சத்தமில்லை. மறுபடி. விசை தொளதொளவென்று போய்வந்தது. "இழு, இழு!" என்று ஒரு கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று. நான்கு. இது யாருக்கும் தெரியாது. ஐந்து. புகையிலை வாசம். ஆறு. எலியாஸ் விரலைத்தான் பார்த்தான், முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. ஏழு.

விரல் நின்றது. ஏழோடு நின்றது.

"அட பாவிகளா, நானில்லாமயே ஆரம்பிச்சுட்டீங்களா?"

குரல் வாசல் பக்கத்திலிருந்து வந்தது. புழுதி படிந்த ஒருவன் மூச்சு வாங்க நின்றிருந்தான். கையில் துணிப்பை. பைக்குள்ளிருந்து மடித்த காக்கிக் கோட்டும் தொப்பியும் எட்டிப்பார்த்தன. "பஸ் டயரு வெடிச்சுப்போச்சு. நாலு மைல் நடந்து வரேன்..." என்ற சக்கரியா, முற்றத்தில் நின்றவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான்.

மேளம் நின்றது. சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

சேகாய் எழுந்தாள். தயங்காமல் நடந்துபோய், தொப்பிக்காரன் முன்னால் மண்டியிட்டு, உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டினாள். தூரத்து வேலை முடிந்து வீடு திரும்பிய புருஷனை மனைவி அப்படித்தான் வரவேற்பாள்.

"வந்துட்டீங்களா," என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. துப்பாக்கிக் குழலை மெல்லத் திருப்பி, முற்றத்துக்குப் பின்னால் நின்ற புல்லைக் காட்டினான். பிறகு எலியாஸைக் காட்டினான். முன்னால் போ.

யாரும் தடுக்கவில்லை. சேகாய் மண்டியிட்டபடியே முகத்தை மட்டும் எலியாஸ் பக்கம் திருப்பினாள். காத்திருந்தாள். இன்னும் நேரம் இருக்கிறது என்பதுபோலக் காத்திருந்தாள். எலியாஸ் வாயைத் திறந்தான்.

"தோட்டா சொத்தை, அண்ணி," என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்காக அவள் வெட்கப்பட்டாள்.

கால்கள் தாமாக நடந்தன. புல் மார்பைத் தொட்டது. தலைக்கு மேல் ஏறியது. பின்னால் நொண்டும் காலடி, நாலு எட்டுத் தள்ளி. எலியாஸ் குனிந்தான். குனியாமல் நடக்க முடியவில்லை. ஒரு புல்தாளில் இரத்தம். ஈரம். அடுத்த தாளிலும். வெறுங்கையை நீட்டிப் புல்லை விலக்கினான். முற்றத்தின் குரல் இல்லை. ஈக்கள் மட்டும்.

பக்கத்தில் ஏதோ மூச்சு விட்டது. பெரிய மூச்சு. சாணமும் சீழும் கலந்த வாடை. புல் அசைந்தது. நின்றது. அசைந்தது.

"அண்ணே," என்றான். "சுடுங்கண்ணே."

புல் பிளந்தது. கொம்பு தெரிந்தது. எலியாஸ் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான்.

தொப்பிக்காரன் துப்பாக்கியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கோட்டின் கையால் அதன் குழலை ஆசை ஆசையாகத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.