பின்சீட்டுப் பெரியம்மா

“பின்னாடி உக்காந்திருக்கிற பெரியம்மாவைக் கொஞ்சம் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கம்மா. நீங்க சொல்றது காதுலயே விழல.”

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சின்னக் காரில் அவளையும், பின்சீட்டில் குழந்தை இருக்கையில் பட்டை மாட்டி வைத்திருந்த ஐந்து மாதக் குழந்தையையும் தவிர ஈ காக்கை கிடையாது.

“நான் ஒருத்திதான் பேசறேன் அண்ணா. இன்னொண்ணு குழந்தை அழற சத்தம்.”

“குழந்தை சத்தம் தனியாக் கேக்குதும்மா. இது வேற,” என்றது கண்ணாடி.

ஆமாம், கண்ணாடிதான் பேசியது. வண்டி கழுவும் அந்தக் கூடத்தில் அப்படியொரு ஏற்பாடு. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஊழியர், உள்ளங்கை அகலத்தில் நீள வயர் கோத்த ஒரு கறுப்பு வில்லையை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வண்டியோடு கூடவே நடந்து வருவார். அவர் பேசினால் கண்ணாடி முழுவதும் அதிர்ந்து குரலாக மாறும். உள்ளே பேசுவது அவர் காதில் மாட்டிய கருவிக்குப் போய்விடும். நடுவழியில் ஏதோ கேட்பதற்காக ஜன்னலை இறக்கி, சோப்பு நீரில் முழுக்காடிவிட்டுச் சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேராம். பதறிப்போய் வண்டியைக் கிளப்பித் தூரிகையை உடைத்தவர்களும் உண்டாம். அதனால் சாவியையும் வாசலிலேயே வாங்கி ஆணியில் மாட்டிவிடுவார்கள். சாவி இல்லாவிட்டால் ஜன்னல் இறங்காது.

“உள்ள இருக்கிறவங்க யார் ‘நிறுத்து’ன்னு சொன்னாலும் வண்டியை இழுத்துட்டுப் போற பெல்ட்டை நிறுத்திடுவேன். பயப்படாம உக்காருங்க,” என்று வாசலில் அவர் சொன்னபோது அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

வண்டி அழுக்காக இருந்ததால் அவள் வரவில்லை. குழந்தை மூன்று நாளாகத் தூங்கவில்லை. கணவன் வெளியூர் வேலைக்குப் போய் ஒரு வாரமாகிறது. தொட்டிலில் போட்டால் அழுகை, தோளில் போட்டால் அழுகை, கீழே வைத்தால் ஊரைக் கூட்டும் அழுகை. “கார் கழுவுற சத்தத்துல என் பையன் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவான், போய்ப் பாரேன்,” என்று அலுவலகத் தோழி சொன்னதைக் கேட்டு, மதியச் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கழுவாமல் கிளம்பி வந்திருந்தாள்.

கூரையில் தண்ணீர் ஆயிரம் விரல்களால் தாளம் போட, இரண்டு பக்கமும் நீல நாருள்ள பெரிய தூரிகைகள் சுழன்று வந்து கதவுகளை அறைய, வெள்ளை நுரை முன்கண்ணாடியை மூடி, பக்கக் கண்ணாடிகளை மூடி, கடைசியில் பின்கண்ணாடியையும் மூடி, உள்ளே வெளிச்சம் பால் தண்ணீர் போல மங்கியது. எலுமிச்சை சோப்பின் வாசனை. குழந்தை கக்கிய பாலின் புளித்த வாசனை. அவற்றுக்கு அடியில், நெடுநாள் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை.

குழந்தையின் அழுகை பாதியில் நின்றது.

தேம்பித் தேம்பி மெல்ல அடங்கியதல்ல. யாரோ முகத்துக்கு நேரே குனிந்தால் திகைத்து நிறுத்துமே, அப்படி நின்றது.

“மொட்டு?” என்றாள். குழந்தையின் இருக்கை பின்புறம் பார்த்துப் பொருத்தப்பட்டிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் இருக்கையின் முதுகுதான் தெரியும், குழந்தை தெரியாது. “மொட்டுக் குட்டி?”

குழந்தை களுக்கென்று சிரித்தது.

அதே நேரத்தில் பெல்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. தூரிகைகள் கதவுகளை அழுத்தியபடியே உறைந்தன. தண்ணீர் நின்று, கூரையிலிருந்து சொட்டுகள் மட்டும் விழுந்தன.

“அண்ணா, ஏன் நிறுத்திட்டீங்க?”

“நீங்கதானேம்மா நிறுத்தச் சொன்னீங்க... நீங்க இல்ல, பெரியம்மா சொன்னாங்க. குழந்தை அசந்து வருது, ஆட்டாதேன்னாங்க.”

“வண்டியில பெரியம்மா யாரும் இல்ல!”

கண்ணாடியின் குரலில் இப்போது ஒரு பரிவு வந்திருந்தது.

“சொன்னாங்கம்மா. உங்களுக்கு மூணு நாளாத் தூக்கமில்லைன்னு சொன்னாங்க. எங்க வீட்டுலயும் பிள்ளை பொறந்தப்ப என் சம்சாரம் இப்படித்தான், என்னைப் பாத்தே யாருன்னு கேட்டா. ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிச் சாஞ்சிருங்க. பெரியவங்க கூட இருக்காங்கல்ல.”

“அண்ணா, நான் சொல்றதைக் கேளுங்க. உள்ள வேற யாரும் கிடையாது. பெல்ட்டை ஓட்டுங்க. சாவியைக் கொடுங்க.”

“கொடுக்கலாம். ஆனா...” அவர் தயங்கினார். யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அந்தத் தயக்கத்திலேயே தெரிந்தது. “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நேத்து ராத்திரி குழந்தைன்னு நெனச்சுத் தலகாணியைத் தோள்ல போட்டு ஆட்டிக்கிட்டு இருந்தீங்களாமே? குழந்தை கட்டில் ஓரத்துல கெடந்துச்சாம். அவங்கதான் தள்ளிப் படுக்க வச்சாங்களாம்.”

அவள் கை கதவின் கைப்பிடிக்குப் போனது.

அது நடந்தது. விடிவதற்குச் சற்று முன்னால். விளக்குப் போட்டுப் பார்த்தபோது தோளில் தலையணை. குழந்தை கட்டிலின் நடுவில், போர்வை கழுத்து வரை இழுத்துவிடப்பட்டு. கணவனிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. போர்வையைப் போர்த்தியது தான்தான் என்று தனக்குத் தானே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவைத் தள்ளினாள். ஒரு விரற்கடை திறந்து தூரிகையில் முட்டி நின்றது. ஈர நார்கள் இடுக்கில் நுழைந்து அவள் முழங்கையை வருடின. அந்தப் பக்கக் கதவும் அப்படியே. கைப்பேசி பையில். பை பின்சீட்டில்.

ஹாரனை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

“அய்யோ, அடிக்காதீங்கம்மா!” கண்ணாடி நடுங்கியது. “குழந்தை முழிச்சுக்கும்னு பெரியம்மா பதறறாங்க பாருங்க.”

“நுரையைத் துடைச்சு உள்ள பாருங்க அண்ணா! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஒரு தடவை பாருங்க!”

“தூரிகை நடுவுல நான் எப்படிம்மா கையை விடறது? மேலாளரைக் கூட்டிட்டு வரேன். அவர்தான் தூரிகையைத் தூக்கணும். இருங்க.”

“போகாதீங்க!”

கண்ணாடியில் ஒட்டியிருந்த வில்லை வயரோடு இழுபட்டு ‘பொக்’ என்று பிரிந்தது.

அதன் பிறகு கண்ணாடி வெறும் கண்ணாடி.

சொட்டு. சொட்டு. தன் மூச்சு. குழந்தையின் மூச்சு. எண்ணிப் பார்த்தாள். மூன்றாவது மூச்சு ஏதும் கேட்கவில்லை. அது அவளுக்கு நிம்மதியைத் தரவில்லை.

சீட்டுப் பட்டையைக் கழற்றினாள். இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவில் தலையை நுழைத்தாள். தோளை நுழைத்தாள். பிரசவத்துக்குப் பிறகு பருத்த இடுப்பு சிக்கிக்கொண்டது. கையை நீட்டினாள். குழந்தை இருக்கையின் விளிம்பு விரல் நுனியில் பட்டது. அதற்குப் பக்கத்தில் சீட்டுத் துணியைத் தொட்டாள்.

சூடாக இருந்தது. குழிந்திருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். பயத்தைவிடப் பிள்ளை பெரிது.

“அவளை விட்டுடுங்க,” என்றாள். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே, மரியாதையாகத்தான் வந்தது. “நான் பாத்துக்கறேன். தூங்காமப் பாத்துக்கறேன். சத்தியமா இனிமே தூங்கமாட்டேன். விட்டுடுங்க.”

இருக்கையின் விளிம்புக்கு மேலே இரண்டு சின்னக் கைகள் உயர்ந்தன.

தூக்கச் சொல்லும் கைகள்.

குழந்தை இருக்கைப் பட்டையின் கொக்கி ‘டக்’ என்று கழன்றது.

“வேணாம்.”

கைகள் மேலே வந்தன. உச்சந்தலை வந்தது. நெற்றி. ஒருபுறம் திரும்பிய மலர்ந்த முகம். குழந்தை, பிடித்திருக்கும் கைகள் எதுவும் இல்லாமல், மெல்ல, வெகு ஜாக்கிரதையாக, கழுத்து தொய்யாமல் எழும்பியது. ஒரு மனுஷி உட்கார்ந்தால் அவள் தோள் எவ்வளவு உயரம் இருக்குமோ அந்த உயரத்தில் நின்றது. பக்கவாட்டில் சாய்ந்தது. ஒரு கன்னம் வெற்றிடத்தில் அழுந்திச் சப்பையானது.

அவள் முழுக் கையையும் நீட்டினாள். ஒரு சாண் எட்டவில்லை. சீட்டின் குழிவு நகர்ந்தது. அந்தப் பக்க மூலைக்கு. குழந்தையும் அதோடு நகர்ந்தது. இப்போது இரண்டு சாண்.

மூன்று நாளாக மூடாத குழந்தையின் கண்கள் செருகின. வாய் லேசாகத் திறந்து, எச்சில் நூலாக இறங்கி, எதன் மீதோ பட்டு அங்கேயே தங்கியது. கால்கள் அந்தரத்தில் தொங்கின. குழந்தையின் முதுகில், மஞ்சள் சட்டைத் துணியில், ஐந்து சின்னக் குழிகள் விழுந்தன. மறைந்தன. விழுந்தன. மறைந்தன. நிதானமாக. அவசரமே இல்லாமல். ஒரு தாய் தட்டிக்கொடுக்கிற மாதிரியே.