கை படாத அறை

கால்நடை மருத்துவர் வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். ஆராய்ச்சிக்கூடத்தின் பழைய கட்டடம் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது. எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர் வாசலில் காத்திருந்தார்.

"என்னை இங்க எல்லாரும் பெருச்சாளின்னுதான் கூப்பிடுவாங்க, டாக்டரம்மா. நீங்களும் கூப்பிடலாம்."

"அண்ணேன்னு கூப்பிடுறேனே."

"சரிதான். எலிங்க ஒண்ணும் கோச்சுக்காது."

உள்ளே இரண்டு கதவுகள். முதலாவது மூடிய பிறகுதான் இரண்டாவது திறந்தது. அதற்கப்பால் இருட்டு. எலிகள் இருட்டில்தான் விழித்திருக்கும். மனிதர்கள் பகலில்தான் வேலைக்கு வருவார்கள். அதனால் அந்த அறைகளில் பகலை இரவாக்கி வைத்திருந்தார்கள். மூலையில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும். மரத்தூளும் மூத்திரமும் கலந்த வாடை. எங்கோ ஒரு எலி தண்ணீர்க் குழாயை நக்கிக்கொண்டிருந்தது.

சோதனைக்கூட எலிகளுக்கு மனிதக் கை என்றாலே பயம். மருந்து ஏற்றுவதும் இரத்தம் எடுப்பதும் அந்தக் கைதான். அந்தப் பயத்தைக் குறைக்கத்தான் அவள் வந்திருந்தாள். எலியோடு விளையாட வேண்டும். பிடரியில் விரல்களால் கிச்சுகிச்சு மூட்டி, பிறகு மல்லாக்கப் புரட்டி வயிற்றில். குட்டிகள் தங்களுக்குள் அப்படித்தான் விளையாடும். பிடித்திருந்தால் எலி சிரிக்கும். நம் காதுக்கு எட்டாத கீச்சொலி அது. அதைக் கேட்கும்படி மாற்றித் தரும் சிறிய கருவி ஒன்றை அவள் சட்டைப்பையில் வைத்திருந்தாள்.

ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் அதை ரசிக்கவில்லை.

"எலியைச் சிரிக்க வைக்க நான் ஆள் போட முடியாதும்மா. ஒரு அறையில விளையாடுங்க. பக்கத்து அறையில கையே படக்கூடாது. வித்தியாசம் தெரிஞ்சா எல்லாக் கட்டடத்துக்கும் அனுமதி தர்றேன். தெரியலைன்னா இதோட விட்டுடணும்."

அவள் ஒத்துக்கொண்டாள். வித்தியாசம் தெரியும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சில வாரங்களில், விளையாடிய அறையில் எலிகள் அவள் கையைத் தேடி ஓடி வந்தன. பிறகு அவள் கை படாத அறைக்குள் போனாள். அங்கே தீனியும் தண்ணீரும் வைப்பதோடு சரி. கூண்டு மாற்றும்போதுகூட எலிகள் தாமாக ஒரு குழாய்க்குள் ஏறிக்கொள்ளும்படி விட்டுத்தான் மாற்றினார்கள். அவள் ஒரு கூண்டைத் திறந்து கையை நீட்டினாள். எலி பின்வாங்கியிருக்க வேண்டும்.

ஓடி வந்தது.

வந்து, அவள் விரலுக்குக் கீழே மல்லாந்து படுத்தது.

கற்றுக்கொடுக்காமல் எந்த எலியும் அப்படிச் செய்யாது.

அடுத்த கூண்டிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

பராமரிப்பாளர் வெளியே தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த அறையில எலிங்களோட விளையாடினீங்களா?"

"இல்லையே."

"பாவமா இருக்கும். எனக்குப் புரியுது. ஆனா இதனால மொத்தமும் வீணாப்போகும். மத்த கட்டடங்கள்ல இருக்கிற எலிங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காது."

"நான் கை வைக்கலம்மா." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "சந்தேகம்னா சாவியை நீங்களே வச்சுக்குங்க. நீங்க தொறந்துவிட்டா நான் தீனி வைக்கிறேன். காவலுக்கும் நில்லுங்க. எனக்கும் பேச்சுத்துணையா இருக்கும்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை போலும். முகம் சுருங்கியது.

அன்றிலிருந்து அவள் திறந்துவிட்டாள், அவர் தீனி வைத்தார், அவள் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை கூண்டுக்குள் நுழையவே இல்லை. ஆனாலும் எலிகள் ஒவ்வொரு முறையும் ஓடி வந்தன. இன்னொரு சாவி இருக்க வேண்டும். வேறு வழியில்லை.

ஒரு நாள் பூட்டும்போது அவர் மெல்லக் கேட்டார்.

"டாக்டரம்மா, சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா."

"சும்மாதான் கேட்டேன்."

அவர் தன்னைச் சந்தேகப்படுகிறார் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் உச்சிவேளையில், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அவள் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். சிவப்பு விளக்கின் கீழ் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். கள்ளச்சாவியோடு யார் வந்தாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

யாரும் வரவில்லை. காற்றுக்குழாய் முனகியது. மரத்தூள் சரசரத்தது. பிறகு அதுவும் நின்றது.

அவள் கருவியை எடுத்துத் திருகினாள்.

சிரிப்பு.

அறையின் கோடியில், ஒரே ஒரு கூண்டிலிருந்து. விட்டுவிட்டு, துள்ளித்துள்ளி. கொஞ்ச நேரத்தில் அது ஓய்ந்தது. பக்கத்துக் கூண்டில் தொடங்கியது.

அவள் எழுந்திருக்கவில்லை.

சிரிப்பு வரிசை மாறாமல் வந்தது. ஒன்று முடிந்தால் அடுத்தது. நிதானமாக, வேலை தெரிந்தவர் செய்வதுபோல. அவளுக்கு நேர் எதிர்க் கூண்டில் எலி தலையைத் தாழ்த்தியது. பிடரி மயிர் விலகியது. எலி மல்லாந்தது. அதன் வயிற்று மயிர் நான்கு இடங்களில் அழுந்தி அழுந்தி எழுந்தது.

கூண்டு மூடியிருந்தது.

அதுதான் வரிசையில் கடைசிக் கூண்டு. அடுத்து அவள்.

கருவி அமைதியானது.

பூட்டை எப்படித் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பராமரிப்பாளர் நடைக்கூடத்தில் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார்.

"உங்களைச் சந்தேகப்பட்டேன்," என்றாள்.

"நானும்தான்."

அடுத்த வாரம் இயக்குநர் நேரில் வந்தார். இரண்டு அறைகளையும் பார்த்தார். இரண்டிலும் எலிகள் ஓடி வந்தன.

"வித்தியாசம் இல்லையே."

"இந்த அறையிலயும் யாரோ விளையாடியிருக்காங்க சார்."

"யாரு?"

பராமரிப்பாளர் தரையைப் பார்த்தார். அவர் பெயரைச் சொன்னால் போதும். சோதனையைத் திரும்ப நடத்தலாம். அவருக்கு வேலை போகும்.

"இவர் இல்லை," என்றாள்.

"சாவி?"

"என்கிட்டதான் இருந்துச்சு."

இயக்குநர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கேட்ட பதில் வரலைன்னதும் கதையா? நாளையிலேர்ந்து விளையாட்டெல்லாம் நிறுத்திடுங்க. எல்லா அறையிலயும். எலியை எப்படித் தூக்கணும்னு எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். இப்படித்தான் தூக்குவோம்."

பக்கத்துக் கூண்டைத் திறந்து, ஒரு எலியை வால்நுனியைப் பிடித்துத் தூக்கினார். அது காற்றில் துழாவியது. அவள் சட்டைப்பையில் இருந்த கருவி நீளமாக ஓலமிட்டது.

எல்லாக் கூண்டுகளும் அசைவற்றுப் போயின.

இயக்குநரின் கை தளர்ந்தது. எலி மரத்தூளில் விழுந்து ஓடியது. அவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பிடரியைத் தடவிக்கொண்டார். திரும்பிப் பார்த்தார்.

பிறகு சிரித்தார்.

சின்னக் குழந்தையின் சிரிப்பு அது. அவர் கண்கள் சிரிக்கவில்லை.

"யாரது," என்றார், சிரிப்புக்கிடையே. "போதும். சொல்லுங்க, போதும்னு சொல்லுங்க."

அவர் முழங்கால்கள் மடங்கின. ஈரத்தரையில் மெதுவாக மல்லாந்தார். கைகால்கள் மேலே எழுந்தன. சட்டை வயிற்றில் அழுந்தியது, எழுந்தது, மறுபடி அழுந்தியது.

பராமரிப்பாளர்தான் முதலில் நகர்ந்தார். இருவரும் அவரை அக்குளில் பிடித்து இழுத்து இரண்டு கதவுகளையும் தாண்டினார்கள். வெளிச்சத்தில் அவர் சிரிப்பு அடங்கியது. சுவரோரம் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"விளையாட்டை நிறுத்த வேண்டாம். எல்லாக் கட்டடத்துலயும் நடக்கட்டும்."

"சரி சார்."

அவர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார்.

கருவியை அணைக்க அவள் சட்டைப்பைக்குள் கையை விட்டாள். கதவுக்கு வெளியே எலிகள் இல்லை. மூடிய இரண்டு கதவுகளைத் தாண்டி அந்தக் கீச்சொலி வராது.

கருவி மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் அதை வெளியே எடுத்து இங்கும் அங்குமாகத் திருப்பிப் பார்த்தாள்.

இயக்குநர் பக்கம் திருப்பியபோது சத்தம் கூடியது.