அம்மன் ஆட்டம்

கொட்டகையின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் மடங்காமல் கிடந்தது.

மருதாத்தாள் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதைக் கையால் தூக்கிவிட்டாள். ஸ்பிரிங் வைத்த சிவப்பு நாற்காலி. உட்கார்ந்தவர் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் வகை. மடங்கியது. அவள் இரண்டு எட்டு தள்ளிப்போய்க் குனிந்தபோது, நாள் முழுக்க நின்று களைத்த ஒருவர் அப்பாடா என்று உட்கார்ந்தால் எழுமே, அப்படியொரு முனகல் பின்னால் கேட்டது. திரும்பினாள். இருக்கை மறுபடியும் இறங்கியிருந்தது. நடுவில் லேசாகக் குழிந்தும் இருந்தது.

"பழைய சாமான். ஸ்பிரிங் போயிருக்கும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்த இடத்தில் பெருக்கும்போது, யார் காலிலோ துடைப்பம் பட்டுவிடக் கூடாது என்பதுபோல ஒதுங்கியே பெருக்கினாள்.

கோவிந்தாபுரம் போகிற சாலையில் இருந்த அந்தச் செல்லாண்டியம்மன் டாக்கீஸில், பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிக்கத்தான் அவள் முதன்முதலில் வந்தாள். கோயமுத்தூரில் படம் வரும் நாளிலேயே இங்கேயும் வந்துவிடும் காலம் அது. முதலமடை மாந்தோப்புகளில் காய் பறிக்கிற சனமெல்லாம் லாரி ஏறி வந்து இறங்கும். பிறகு வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, கைக்குக் கை போன் வந்தது. கொட்டகை பூட்டிக் கிடந்தது. மாங்காய் சீசனில் மட்டும் வாடகைக்கு விட்டார்கள். சனம் உட்கார்ந்திருந்த தரையில் வைக்கோல் பரப்பி மாங்காயைக் குவித்தார்கள். அந்தப் புளித்த வாசம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.

பட்டணத்திலும் அதே கதைதான். கோயமுத்தூரில் ஆயிரம் பேர் உட்காரும் பெரிய தியேட்டர் ஒன்றை இடித்து நகைக்கடை கட்டினார்கள். அதன் நாற்காலிகளைத்தான் முதலாளி குப்பண்ணன் சல்லிசாகப் பிடித்து வந்து, புதுத் திரை, புது புரொஜெக்டர், ஏ.சி. எல்லாம் வைத்துக் கொட்டகையை மறுபடி திறக்க இருந்தார். கொண்டுவந்த லாரி டிரைவர் டீ குடித்துக்கொண்டே ஒரு பேச்சு சொன்னான். "கடைசி ஆட்டம்கூட ஓட்டாம பூட்டிட்டானுங்க அக்கா. டிக்கெட் எடுத்த சனம் பாட்டுக்கு வாசல்ல நின்னுச்சாமா. எத்தனையோ நாள் வந்து வந்து நின்னுச்சாமா." அவன் சிரித்தான். மருதாத்தாளுக்கு என்னவோ மனசு கனத்தது.

நாற்காலிகளைப் பொருத்திய பிறகு புதுத் திரை கிழிந்தது. யாரும் உள்ளே போகாத இரவில், நகத்தால் கீறியதுபோல. மாற்றினார்கள். மறுபடி கிழிந்தது. ஏ.சி. மாட்ட வந்த ஆள் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தான். "உக்காந்திருக்கறவங்க எல்லாரும் என்னையவே பாத்தாங்க," என்று ஆஸ்பத்திரியில் பிதற்றினானாம்.

குப்பண்ணன் மலையடிவாரத்தில் குறி சொல்கிற யாரையோ பார்த்துவிட்டு வந்தார். பிறகு ஒருநாள் மருதாத்தாளின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அவள் பதறிவிட்டாள். "ஏனுங்கண்ணா, சொல்லியனுப்பிச்சா நான் வரமாட்டனுங்களா?"

"உன்ற ஊட்டுக்கு நான் வரக்கூடாதா அம்மிணி? எத்தன வருசம் எனக்காகப் பாடுபட்டிருக்கற." சிவப்புச் சேலை ஒன்றை நீட்டினார். மகள் மௌனிகாவுக்கு டிக்கெட் கவுண்டரில் வேலை என்றார். போகும்போது, ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "உன்ற நட்சத்திரம் என்ன?" என்று கேட்டார். அர்ச்சனை செய்யத்தான் கேட்கிறார் என்று அவள் மகிழ்ந்துபோனாள். அவர் போன பிறகு சாமி படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டாள். ஒருவர் அன்பாக வைக்கும் ஒரு வாய்ச் சோறும் சாமி தருவது என்று நம்பி வாழ்ந்தவள் அவள்.

திறப்புக்கு முதல் நாள் அம்மன் ஆட்டம். புதுத் திரை கட்டினால் முதல் ஆட்டம் அம்மனுக்குத்தான் என்பது அந்தக் கொட்டகையின் வழக்கம். படம் கிடையாது, திரையில் வெறும் வெளிச்சம் மட்டும். உள்ளே ஒரு மனிதப் பிறவிகூட இருக்கக் கூடாது. எல்லாக் கதவையும் வெளியிலிருந்து பூட்டிவிட்டு, ஊரே வாசலில் கும்பிட்டு நிற்கும். ஆட்டம் முடியும்வரை யாரும் கதவைத் தொட மாட்டார்கள்.

உச்சி வெயில். வாசலில் பந்தல் போட்டுச் சாப்பாடு நடந்தது. குப்பண்ணன் மருதாத்தாளை முதல் பந்தியில் தனி இலையில் உட்கார வைத்துத் தன் கையாலேயே பரிமாறினார். "இன்னுங் கொஞ்சம். வகுறு நெறையத் தின்னு, அம்மிணி."

மௌனிகா காதோரம் குனிந்தாள். "அம்மா, மொதலாளி உன்னைய மாப்பிள்ளையாட்டக் கவனிக்கறாரு. மொய் எவ்வளவு வெப்ப?"

"போடி வாயாடி." அவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

கை கழுவி வந்தவள் மேல் குப்பண்ணன் வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பிடரியில் விழுந்த சில்லிப்பில் உடம்பு ஒருமுறை உதறிக்கொண்டது. "போதுஞ் சாமி," என்று அவர் முணுமுணுத்தார். அம்மனிடம் சொல்கிறார் என்று நினைத்தாள். பிறகு அவளைத் தனியே பெண்கள் வாசல் பக்கம் கூட்டிப்போனார்.

"உள்ளார வெளக்குல எண்ண இருக்குதான்னு பாத்து, ஒரு கரண்டி ஊத்திட்டு வந்துரு. வேற யாரு கை பட்டாலும் எனக்கு ஒப்பாது."

"இதா, வந்தர்றனுங்கண்ணா."

உள்ளே இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆனது. திரைக்கு முன்னால் குத்துவிளக்கு நின்று எரிந்தது. எட்டிப் பார்த்தாள். எண்ணெய் விளிம்புவரை நிறைந்திருந்தது, இப்போதுதான் ஊற்றியதுபோல.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். "ஏனுங்க, நான் இன்னும் உள்ளார இருக்கறனுங்க!" என்று போய்க் கதவைத் தள்ளினாள்; அது அசையவில்லை. பஞ்சு அடித்த புதுச் சுவர் அந்தக் குரலை அப்படியே விழுங்கிக்கொண்டது. மேலே ஆப்பரேட்டர் அறையின் சின்ன சன்னலைப் பார்த்துக் கையாட்டினாள். பழைய ஆப்பரேட்டர் அமிர்தநாதன் இருந்த காலமென்றால் எட்டிப் பார்த்திருப்பார். இப்போது மெஷின் தானே ஓடும், தானே நிற்கும். அங்கே யாரும் இல்லை.

திரையில் வெளிச்சம் விழுந்தது. பால்போல வெள்ளை. ஓசையே இல்லாத வெள்ளை.

அந்த வெள்ளையில் வரிசை வரிசையாக நாற்காலிகள் தெரிந்தன. எல்லாம் மடங்கியே இருந்தன. மாங்காய்ப் புளிப்பு வாசத்துக்குள்ளிருந்து வேறொரு வாசம் கிளம்பியது. தேங்காய் எண்ணெய். வாடிய மல்லிகை. பீடி. வேர்வை. கூட்டத்தின் வாசம். அவள் நன்றாக அறிந்த வாசம்.

முனகல். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி இறங்கியது.

அடுத்தது. அதற்கடுத்தது. அவசரமில்லாமல், டிக்கெட் எண் பார்த்து உட்காருகிறவர்களைப்போல. ஒரு வரிசை நிறைந்தது. அதற்கு முன் வரிசை. அதற்கும் முன் வரிசை.

மஞ்சள் ஈரம் பிடரியில் இன்னும் காயவில்லை. தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. கோயிலில் வெட்டப்போகிற கெடாய்க்கு இப்படித்தான் வயிறு நிறையக் கொடுப்பார்கள். இப்படித்தான் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்பார்கள்.

அவள் உதறியிருந்தாள்.

அழுகை வரவில்லை. அந்த இலைச் சோறு மட்டும் நெஞ்சுக்கு ஏறி வந்தது. அன்பில்லாமல் அவர் அடித்தே இழுத்து வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

சனம் நின்ற முன்வாசல் கதவு எதிர்க்கோடியில் இருந்தது. பக்கத்து வழியில் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. நாற்காலிகளுக்கு நடுவே நுழைந்துதான் போக வேண்டும். அவள் கைகூப்பினாள்.

"சாமிகளா. நீங்க யாருன்னு எனக்குத் தெரியல. உங்களையும் வாசல்ல நிக்க வெச்சு ஏமாத்தினாங்கன்னு கேட்டன். பாவம் நீங்க. எனக்கு ஒரு புள்ள இருக்குதுங்க. கொஞ்சம் வழி உடுங்க."

கூப்பிய கையை இறக்காமல் நின்றாள்.

பிறகு, சரசரவென்று ஒரு சத்தம். துணி உரசும் சத்தம். நடு வரிசையில் இறங்கியிருந்த இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே பக்கவாட்டில் திரும்பின. படம் ஓடும்போது யாராவது குறுக்கே போனால் உட்கார்ந்திருப்பவர் முழங்காலை ஒதுக்குவார்களே, அப்படி.

அவளுக்குக் கண்ணீர் பொங்கியது. செத்தவர்களுக்கும் இரக்கம் இருக்கிறது. "நல்லா இருப்பீங்க," என்று சொல்லிக்கொண்டே புகுந்தாள். கணுக்காலில் குளிர் உரசியது. நிற்கவில்லை. கடந்துவிட்டாள். வரிசை முடிந்து நடைவழி வந்ததும் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள்.

இருக்கைகள் இன்னும் திரும்பியே இருந்தன.

முழங்கால்கள் ஒதுங்கியே இருந்தன. அவளுக்காக அல்ல. அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வந்துகொண்டிருந்தார்.

ஓடினாள்.

கதவு. இரண்டு பலகைக்கு நடுவே விரற்கடை இடுக்கு. கண்ணை வைத்தாள். பளீரென்ற வெயில். பந்தல். கைக்கெட்டும் தூரத்தில் மௌனிகா.

"ஏனுங்க மொதலாளி, அம்மாவக் காணோமுங்களே?"

"பூப் பத்தாதுன்னு கொல்லங்கோட்டுக்கு அனுப்பிச்சிருக்கறன் சாமி. இப்ப வந்துருவா."

மௌனி என்று கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. காற்றுகூட வரவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் கதவை அறைந்தாள்.

வெளியே பேச்சு நின்றது. எல்லா முகமும் கதவைப் பார்த்தன.

"கேட்டீங்களா!" காளியாத்தாள் என்ற கிழவி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். "ஆத்தா வந்துட்டா! ஆத்தா கதவத் தட்டறா!"

மேளம் வெடித்தது. சனம் முழங்காலிட்டது. அவள் இன்னும் பலமாகத் தட்டினாள். அவர்கள் இன்னும் பலமாகக் கும்பிட்டார்கள். இப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. "மௌனி! நாந்தான் சாமி! அம்மாடி!" குலவைச் சத்தம் அதன்மேல் ஏறி மூடியது. எல்லாரையும்விட உச்சத்தில் குலவையிட்டது மௌனிகாதான். கண்ணை மூடி, கன்னத்தில் நீர் வழிய, வாய் நிறைய.

குப்பண்ணன் கற்பூரத் தட்டோடு கதவருகே வந்தார். தீயை இடுக்குக்கு நேராக உயர்த்தினார். அவர் கண் அவள் கண்ணைச் சந்தித்தது. விலகவில்லை.

"பொறுத்துக்க அம்மிணி," என்றார், இன்னுங் கொஞ்சம் தின்னு என்ற அதே கனிவோடு.

மருதாத்தாளின் கைகள் தாமாகவே கதவிலிருந்து நழுவின. தோள்பட்டைக்கு மேலாக ஈரமும் குளிருமாய் ஒரு மூச்சு வந்து கன்னத்தைத் தொட்டது.

அவள் கைகள் இரண்டும் தொங்கிக் கிடந்தன. அவள் காதோரத்தில், அதே பலத்தோடு, கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது.