எல்லாம் கட்டியாச்சு

காரை எடுத்துவர நாங்கள் போனது ஒரு மத்தியானப் பொழுதில். விற்றவர் ஒரு தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவருக்குக் கடை. தரையெல்லாம் துணி வெட்டுகள், உள்ளறையில் இன்னொரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அவர் எங்களைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். தகரக் கூரைக்கு அடியில் நின்றது வண்டி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். விலையைக் கேட்டபோது, எங்களைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்ன மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவர். ஸ்க்ரூ டிரைவர் நுழைகிற எதுவும் தன் பேச்சைக் கேட்கும் என்று நம்புகிற ஆள். எங்கள் வீட்டு மிக்சியும் இஸ்திரிப்பெட்டியும் அவர் கையில் செத்துப் பிழைத்தவை. இப்போது கார் என்றதும் அவர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. எனக்குக் கார் வேண்டியிருந்தது வேறு காரணத்துக்கு. எங்கள் மகள் ஒன்றாம் வகுப்பு போகிறாள். மழையில் நனைந்தால் மூச்சிழுப்பு வந்துவிடும் அவளுக்கு. பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தாள் என்பதால் சுண்டு என்றே கூப்பிடுவோம்.

என்னென்ன கோளாறு என்று இவர் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். பின்னால் இடது கதவு திறக்கவில்லை, உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும். அந்தக் கதவின் கண்ணாடி இறங்கவில்லை. அந்த இருக்கையின் பெல்ட், கொக்கிக்குள் போக மறுத்தது. கூரை விளக்கில் பல்பே இல்லை. பழைய வண்டியென்றால் இதெல்லாம் சகஜம், ஒரு மாசத்தில் சரிபண்ணிவிடலாம் என்று என் காதில் சொன்னார். இத்தனை கோளாறும் ஏன் ஒரே மூலையில் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

தையல்காரர் வண்டிக்குக் கிட்டே வரவில்லை. நிலைப்படியில் நின்றபடியே பேசினார்.

"இன்ஜின் நல்லா இருக்கு தம்பி. பின்னாடி இருக்கறத அப்படியே விட்டுடுங்க. எல்லாம் கட்டியாச்சு. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

வரி, இன்சூரன்ஸ் எல்லாம் கட்டிவிட்டார் என்று புரிந்துகொண்டோம். வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

சாவியைக் கொடுக்கும்போது குழந்தைகள் உண்டா என்று கேட்டார். ஒரே பெண், சின்னவள் என்றேன். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு, பிள்ளையை வலதுபக்கமாகவே ஏற்றி இறக்குங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைத் தந்தார்.

அடுத்த விடுமுறையிலேயே இவர் ஆரம்பித்துவிட்டார். முதலில் விளக்கு. புது பல்பைப் போட்டதும் எரிந்தது. ஆனால் அணையவில்லை. கதவு திறந்திருந்தால்தான் அந்த விளக்கு எரிய வேண்டுமாம். எல்லாக் கதவையும் அறைந்து சாத்திப் பார்த்தார். எரிந்துகொண்டே இருந்தது. ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று வண்டி நினைக்கிறது, சுவிட்சில் துரு ஏறியிருக்கும் என்றார்.

பிறகு பெல்ட். கொக்கியின் வாய்க்குள் கறுப்புத் துணியைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஊசியால் குத்திக்குத்தித் திணித்திருந்தது. தையல்காரர் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே இவர் அதைப் பிடுங்கிப் போட்டார். அன்றிலிருந்து வண்டியைக் கிளப்பினால் கீ கீயென்று ஒரு சத்தம். பின்னால் இடதுபக்கம் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று எச்சரிக்கை விளக்கு மினுக்கும்.

பின்னால் இடதுபக்கம் யாரும் இல்லை.

இருக்கைக்கு அடியில் எடையை அறிகிற தகடு ஒன்று இருக்கும், அதில் ஈரம் இறங்கியிருக்கும் என்றார். ஈரம் என்பது உண்மைதான். அந்த மூலையில் ஒரு வாடை அடித்தது. ஈரத்துணியைப் பூட்டிய அறையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. முடி உலர்த்தும் மெஷினை வைத்துக் காய வைத்துப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. கடைசியில் எல்லோரும் செய்கிற குறுக்குவழியைச் செய்தார். காலி இருக்கைக்கு பெல்ட்டைப் போட்டு மாட்டிவிட்டார். சத்தம் நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். காலி இருக்கையில் பெல்ட் தொய்ந்து சாய்மானத்தில் ஒட்டிக் கிடக்க வேண்டும்.

ஒட்டவில்லை. ஒரு சாண் முன்னால் வளைந்து நின்றது.

பழைய பெல்ட், விறைத்துப்போயிருக்கும் என்றார் இவர். சந்தேகமே படாத மனுஷரைக் கட்டிக்கொண்டால் நாமே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது. அன்று கடையிலிருந்து வரும்போது நான் காய்கறிப் பையைப் பின்னால் வைக்கப் போனேன். சுண்டு என் கையைத் தள்ளினாள்.

"அங்க வைக்காதம்மா. ஆள் இருக்கு."

பஸ்ஸில் இடம் பிடித்துவைத்தவர்கள் சொல்வதுபோல் சர்வ சாதாரணமாகச் சொன்னாள். நான் அதட்டினேன். ஆனால் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது கதவும் கண்ணாடியும். ஒரு பிற்பகலில் இவர் கதவின் உள்பலகையைக் கழற்றினார். கண்ணாடியைச் சோதிக்க வேண்டும் என்று சாவியைத் திருப்பி வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். குரலில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. போய்ப் பார்த்தேன்.

கதவுக்குள் பூட்டின் கம்பியையும் கண்ணாடி இறங்குகிற தண்டையும் கறுப்பு நூலால் சேர்த்து இறுக்கியிருந்தது. தோல் தைக்கிற தடித்த நூல். சுற்றுக்குச் சுற்று முடிச்சு. ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து இறுக்கிய தடம். பூட்டுக்குப் போகிற வயரை நறுக்கி, முனையில் டேப் சுற்றிப் பத்திரமாக மடித்துவைத்திருந்தது. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், எனக்குக் காரைப் பற்றித் தெரியாது. ஆனால் பழுது தானாக வரும், முடிச்சு தானாக விழாது. அந்தத் தையல்காரர் வரியைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாம் கட்டியாச்சு.

"அவுக்காதீங்க" என்றேன்.

அவர் கையில் பிளேடு இருந்தது. வேலையைப் பாதியில் விடுவது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. நான் சொல்லி முடிப்பதற்குள் கடைசி முடிச்சு அறுந்து காலடியில் விழுந்தது.

கதவு திறந்தது. அவர் கைப்பிடியைத் தொடவில்லை. யாரோ உள்ளேயிருந்து மெல்லத் தள்ளுவதுபோல் முழுசாகத் திறந்தது. வண்டி ஒரு பக்கம் லேசாக மேலே எழும்பி நின்றது. வளைந்து நின்ற பெல்ட் தொய்ந்து இருக்கையில் விழுந்தது. இவர் கதவைச் சாத்தியதும், அத்தனை நாளும் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது.

"பாத்தியா, எல்லாம் சரியாயிடுச்சு" என்றார் இவர், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

அந்த வண்டியில் இப்போது ஒரு கோளாறும் இல்லை.

அன்றிலிருந்து சுண்டு கட்டிலின் ஓரத்தில் படுக்க ஆரம்பித்தாள், பாதி இடத்தை விட்டுவிட்டு. அறைக்குள் வந்தால் உடனே கதவைச் சாத்த மாட்டாள், ஒரு கணம் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஏதாவது கேட்டால், வேறு யாரோ சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு எனக்குப் பதில் சொல்வாள். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டினாலும் அவள் தலைமுடியில் அந்த ஈரத்துணி வாடை. டாக்டரிடம் காட்டினேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லாமலே என் பிள்ளை என் கண்ணெதிரில் இளைத்துக்கொண்டு போனாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகிவிட்டது.

இவரிடம் சொல்லாமல் தையல்காரர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அவுத்துட்டாரா?"

தலையை ஆட்டினேன். அது என்னவென்று அவருக்கும் தெரியாதாம். அவர் வாங்கியபோதே வண்டியில் இருந்திருக்கிறது. கதவு திறந்தால் இறங்கப் பார்க்கும், இறங்கினால் வீட்டில் யார் சின்னப்பிள்ளையோ அந்தப் பிள்ளையோடுதான் ஒட்டிக்கொள்ளும் என்றார். திரும்ப ஏற்றுவது எப்படி என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"பிள்ளை ஏறினாத்தான்மா அதுவும் ஏறும். அது உக்காந்ததும் அந்தக் கதவ சாத்திடணும். நீங்க இந்தப் பக்கமா பிள்ளைய இழுத்துக்கிட்டு உடனே கட்டிடணும்." குரலைத் தாழ்த்தினார். "இழுக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டுடாதீங்க. ரெண்டும் திரும்பும்."

உங்கள் வீட்டிலும் பிள்ளை இருந்ததா என்று கேட்டேன். உள்ளறையில் தையல் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"பொண்ணு இருக்கா. நல்லாத்தான் இருக்கா." நூல்கண்டை என் கையில் வைத்தார். "எங்க பொண்ணு மாதிரியேதான் இருக்கா."

அந்த வார்த்தையை நான் அப்போது கவனிக்கவில்லை.

இவரைச் சம்மதிக்கவைக்கக் கஷ்டப்படவில்லை. அவரும் தகப்பன்தான், மகள் எலும்பாவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் மழை. பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் வலதுபக்கமாகச் சுண்டுவை ஏற்றி நடுவில் உட்காரவைத்தேன். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. இடதுபக்கம் திரும்பி, வா என்பதுபோல் தலையை அசைத்தாள்.

இடது இருக்கையின் மெத்தை மெல்ல அமுங்கியது.

கூரை விளக்கு மங்கி மறுபடி எரிந்தது.

இவர் கதவை அறைந்து சாத்தினார். அந்த நொடியே, என் பக்கக் கதவு திறந்திருந்தும், விளக்கு அணைந்தது. கண்ணாடிகளில் உள்ளிருந்து ஆவி படர்ந்து, வண்டிக்குள் எதுவும் தெரியவில்லை. நான் இரண்டு கையையும் நீட்டித் துழாவினேன். இருக்கை. ஈரம். பாவாடையின் ஓரம். அவள் அங்கே இல்லை, நான் உட்காரவைத்த இடத்தில் இல்லை. எந்தத் தாய் என்றாலும் அந்த நேரத்தில் வாயில் வருவது ஒன்றுதான்.

"சுண்டு!"

"அம்மா."

"அம்மா."

இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. ஒரே குரல்.

என் கைக்குள் ஒரு சின்னக் கை வந்து இறுக்கிக்கொண்டது. இழுத்தேன். மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே விழுந்தேன், காலால் கதவை உதைத்துச் சாத்தினேன். இவர் அதற்குள் கண்ணாடி ஓரத்து இடுக்கு வழியாகக் கையை விட்டுப் பூட்டின் கம்பியில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். விரல் கிழிந்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. பிறகு மற்றக் கதவுகளையும் கட்டினார்.

சுண்டு தேறிவிட்டாள். அன்று இரவே வயிறு நிறையச் சாப்பிட்டாள். கன்னம் பழையபடி உப்பிவிட்டது. கட்டிலின் நடுவில் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்குகிறாள். தலைமுடியில் அந்த வாடை இல்லை. மழையில் நனைந்தால்கூட இப்போதெல்லாம் அவளுக்கு இழுப்பு வருவதில்லை.

ஒருமுறைகூட வருவதில்லை.

வண்டியின் பேட்டரியை இவர் கழற்றி வைத்துவிட்டார். ஆனாலும் ஆவி படர்ந்த கண்ணாடிக்குப் பின்னால் அந்த விளக்கு எரிகிறது. பகலில் தெரு அடங்கியிருக்கும்போது பக்கத்தில் போனால் உள்ளேயிருந்து அழுகை கேட்கிறது. நடுநடுவே மூச்சு இழுக்கிற சத்தம். இவரிடம் சொன்னேன். இறங்க வேண்டும் என்று துடிக்கிற எதுவும் உன் மகள் குரலில்தான் அழும், ஏமாந்துவிடாதே என்றார். நியாயம்தான். ஆனால் என் மகளும் என் மகள் குரலில்தானே அழுவாள்?

நாளைக் காலையில் வண்டியை எடுத்துப்போக ஆள் வருகிறது. இவர் விலை பேசி முடித்துவிட்டார். இன்று சாயங்காலம் இவர் வருவதற்கு முன்னால் நான் பிளேடை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். இடது கதவின் உள்பலகை இன்னும் சரியாக மாட்டப்படவில்லை. கண்ணாடி ஓரத்து இடுக்கு வழியாகக் கையை விட்டால் முதல் முடிச்சு எட்டும். உள்ளே விசும்பல் கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

முடிச்சில் பிளேடு பட்டபோது என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். சுண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கோலத்தில், மழையில் சொட்டச்சொட்ட நனைந்து, மூச்சு வாங்காமல் என் பக்கத்தில் நின்றாள். என்னைக் குனியவைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு என் காதில் மெல்லச் சொன்னாள்.

"வித்துடும்மா."

வண்டிக்குள் அழுகை நின்றது. உள்ளே இருந்ததும் என் பதிலுக்காகக் காத்திருந்தது.