பின் சீட்டில் ஷாரிக்

மழை கண்ணாடியில் ஓடவில்லை. அதைத்தான் ஜெமிமா முதலில் கவனித்தாள். விழுந்த துளி விழுந்த இடத்திலேயே பொட்டுப்பொட்டாக ஒட்டிக்கொண்டு நின்றது. வைப்பர் வந்து தள்ளியபோதும் தண்ணீரைப் போல விலகாமல், தோசைக்கல்லில் இழுத்த மாவாட்டம் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையாகப் பரவியது. அடுத்த இழுப்பில் அந்தப் பட்டை இன்னும் கொஞ்சம் தடித்தது.

“இன்னாடா இது, மழையா சளியா?” என்றான் வால்டர், ஸ்டியரிங்கின் மேல் குனிந்து.

ஜெமிமா கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறவள் அவள். கோழை, சீழ், மலம் என்று எல்லாவற்றையும் டப்பா டப்பாவாகத் திறந்து, குச்சியால் தொட்டுக் கண்ணாடித் துண்டில் தடவுவாள். கை கழுவிவிட்டு அதே மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தயிர் சாதமும் சாப்பிடுவாள். அவளுக்கு எதைக் கண்டும் குமட்டியதில்லை.

பழவேற்காட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் ஷாரிக் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். டோல்கேட்டில் இருந்த செல்போன் கடையைத் தம்பியிடம் கொடுத்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரிந்தவன் போகிறானே என்று வால்டர்தான் அண்ணனிடம் காரை இரவல் வாங்கி வந்திருந்தான். இன்னொரு காரணமும் இருந்தது. வால்டருக்கும் ஜெமிமாவுக்கும் ராயபுரம் மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. கத்தோலிக்க வீட்டுப் பையனுக்கும் சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண்ணுக்கும் நடுவில் இரண்டு குடும்பமும் முறுக்கிக்கொண்டு நின்றபோது, இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி நடந்து, திட்டு வாங்கி, டீ வாங்கிக் குடித்து, கடைசியில் சம்மதம் வாங்கி வந்தவன் ஷாரிக். கல்யாணத்துக்கு அவன் இருக்கமாட்டான். அதற்குத்தான் இந்த நண்டுச் சாப்பாடு.

திரும்பும்போது வானிலை கெட்டுவிட்டது. காட்டுப்பள்ளிப் பக்கம் ரோட்டின் மேல் கடல் ஏறிவிட்டது என்று போலீஸ்காரர் ஒருவர் தடுத்து நிறுத்தினார்.

“சாம்பக் குளத்துக் கரை மேல வுடு மச்சான். நேரா அத்திப்பட்டு வந்துரும்” என்றான் ஷாரிக். “லாரிங்க போற வழிதான்.”

இப்போது அந்தக் கரையின் மேல்தான் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பிற்பகல்தான் என்றாலும் வெளிச்சம் செத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல். அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்து எரித்துக் கொட்டிய சாம்பல் ஒரு மரமில்லாமல், ஒரு புல்லில்லாமல், பாலைவனம் மாதிரி அலை அலையாகப் படிந்து கிடந்தது. எங்கோ தூரத்தில் புகைபோக்கிகளின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. மேல்பாகத்தை மேகம் விழுங்கியிருந்தது. காற்று மேல்மண்ணைப் போல மேல்சாம்பலைக் கிளப்பி மழையோடு பிசைந்து வண்டியின் மேல் எறிந்தது. ஜன்னல்களை ஏற்றியிருந்தும் நாக்கில் நறநறவென்று ஏதோ கடிபட்டது. ஈர சிமெண்ட் நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு நாற்றம். இனிப்பாக, இளஞ்சூடாக, மூடி போட்டு மறந்துபோன டப்பாவைத் திறந்ததுபோல.

வண்டி உறுமிற்று. நகரவில்லை.

“சிக்கிக்கிச்சு” என்றான் வால்டர்.

“இரு, நான் தள்றேன். கல்யாண மாப்ள, நீ அழுக்காவாத” என்று சிரித்தபடியே ஷாரிக் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். கதவு திறந்த அந்த நொடியில் உள்ளே வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. புயல் காற்று எப்படி வெதுவெதுப்பாக இருக்கும் என்று ஜெமிமா நினைத்தாள்.

பின்னால் டிக்கியின் மேல் அவன் கை தட்டும் சத்தம். சக்கரம் சுற்றிச் சுற்றி வழுக்கி, சட்டென்று பிடித்துக்கொண்டது. வண்டி பாய்ந்தது. நிறுத்தினால் மறுபடி புதையும் என்று வால்டர் மிதியை விடாமல் ஓட்டி, கெட்டியான இடம் வந்ததும்தான் பிரேக் போட்டான். பின்கண்ணாடி முழுக்க சாம்பல் அப்பியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

காத்திருந்தார்கள். வைப்பர் மட்டும் முனகியது.

பின்கதவு திறந்தது. ஷாரிக் ஏறி உட்கார்ந்தான். தலை முதல் கால்வரை சாம்பல் குழம்பு. இமையும் தெரியவில்லை, உதடும் தெரியவில்லை.

வால்டர் வாய்விட்டுச் சிரித்தான். “கலீஜா கீறியேடா! உங்க அம்மா உன்ன வூட்டுக்குள்ள சேக்கமாட்டாங்க.”

ஷாரிக் கதவைச் சாத்தினான். வண்டி கிளம்பியது.

அந்த இனிப்பு நாற்றம் இப்போது வண்டிக்குள்ளேயே இருந்தது. ஜெமிமா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள், நண்பனை அவமதிக்கிறோமே என்று உடனே எடுத்துவிட்டாள். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மூச்சு மாதிரி இருந்தது. ஆனால் மூச்சு இல்லை. அடைத்துக்கொண்ட சாக்கடைத் துவாரத்தில் தண்ணீர் இறங்கப் பார்த்து, இறங்காமல், மறுபடி மேலே வருவதுபோல ஒரு களகளப்பு.

“ஷாரிக்? மூக்குல வாயில போயிருச்சா? இந்தா, கொப்பளி.”

தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கி வாயில் கவிழ்த்தான். தொண்டை அசையவில்லை. ஊற்றிய தண்ணீர் அப்படியே உதட்டோரம் வழிந்து மடியில் விழுந்தது. தண்ணீர் நின்ற பிறகும் வழிந்தது. சாம்பல் நிறத்தில். கெட்டியாக. பாட்டிலில் இருந்ததைவிட அதிகமாக.

நுரையீரலுக்குள் போய்விட்டது என்று பயந்து அவள் திரும்பி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி பார்க்க. பழக்கப்பட்ட விரல் பழக்கப்பட்ட இடத்தில் அழுந்தியது.

விரல் உள்ளே போயிற்று.

ஊறிய ரொட்டியில் போவதுபோல, எதிர்ப்பே இல்லாமல், நகம்வரை போயிற்று. எலும்பு தட்டுப்படவில்லை. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அவள் விரலை இழுத்தபோது ஒரு சின்ன முத்தச் சத்தம் கேட்டது. விரல் இருந்த குழியில் மெதுவாகச் சாம்பல் நீர் ஊறி நிரம்பியது.

ஜெமிமாவுக்குத் தின்ற நண்டு முழுக்கத் தொண்டைக்கு ஏறி வந்தது. விரலைச் சுடிதாரில் துடைத்தாள், துடைத்தாள், துடைத்தாள். நகக் கண்ணிலிருந்து போகவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல். பின்னால். வெகு தூரத்தில். காற்று கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்தது.

“ஜெமீ…! மச்சான்…! நிறுத்துடா…!”

கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். மழைக்குள் கரையின் மேல் ஓர் உருவம் ஓடி வந்துகொண்டிருந்தது. நொண்டி நொண்டி, இரண்டு கையையும் ஆட்டி. நீலச் சட்டை. காலையில் அவன் போட்டுவந்த நீலச் சட்டை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையின் ஓரம் சரிந்தது. உருவம் இடுப்புவரை இறங்கிற்று.

மெல்ல உள்ளே திரும்பினாள்.

பின் சீட்டில் இருந்ததும் அந்தக் குரலைக் கேட்டிருந்தது. அது சிரிக்கப் பார்த்தது. வாய் திறந்தது. பல் இல்லை. நாக்கு இல்லை. விளிம்புவரை ஊற்றிய டம்ளர் மாதிரி, உதடு மட்டத்துக்குச் சாம்பல் தளும்பி நின்றது.

“வால்டர், இறங்கு! அது ஷாரிக் இல்ல! இறங்கு!”

“இன்னா சொல்ற நீ…” என்று அவன் பிரேக்கை அழுத்திப் பின்னால் திரும்பினான். அவள் கதவைத் திறந்து விழுந்தாள். முழங்கால் சிராய்த்தது. எழுந்து ஓடினாள். ஓடும்போது அவனுடைய கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காது காத்திருந்தது. அந்தச் சத்தம் வரவில்லை.

நின்றாள். இந்தப் பக்கம் கார். அந்தப் பக்கம் சாம்பலுக்கு மேல் ஒரு தலையும் ஒரு கையும் மட்டும். வால்டர் கைக்கெட்டும் தூரத்தில் கதவின் பிடி இருக்கிறது. தாட்டியமான ஆள். கண்டெய்னர் யார்டில் சங்கிலி இழுக்கிறவன். ஷாரிக்குக்குக் கழுத்துவரை ஏறிவிட்டது. கணக்குப் போட நேரமில்லை. அவள் ஷாரிக்கை நோக்கி ஓடினாள்.

குப்புறப் படுத்தாள். துப்பட்டாவை எறிந்தாள். சாம்பல் மழை அவள் வாய்க்குள் போனது, மூக்குக்குள் போனது, விழுங்காமல் துப்பித் துப்பி இழுத்தாள். குளம் அவனை விடமாட்டேன் என்று உறிஞ்சியது. அவன் அழுதான். “வுட்டுட்டுப் பூட்டீங்களே… என்ன வுட்டுட்டு யாரடி ஏத்திக்கினு போனீங்க?”

தோள் வந்தது. இடுப்பு வந்தது. கடைசியில் வழுக்கென்று முழு உடம்பும் கரையில் விழுந்தது. அவள் நம்பவில்லை. அவன் வாயை வலுக்கட்டாயமாகத் திறந்து விரலை விட்டாள். பல் இருந்தது. நாக்கு இருந்தது. அவன் மூச்சுத் திணறி நறுக்கென்று கடித்துவிட்டான். ரத்தம் வந்தது. அந்த வலியில் அவளுக்குச் சந்தோஷமாக அழுகை பொங்கியது.

“எழுந்திரு. வால்டர் தனியா இருக்கான்.”

கார் ஹாரன் அடித்தது. நீளமாக, விடாமல். பிறகு அந்தச் சத்தத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததுபோல் களகளத்து நின்றது.

ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கார் நிறுத்திய இடத்திலேயே நின்றது. அவள் திறந்துவிட்டுப் போன கதவு சாத்தியிருந்தது. ஏற்றாமல் விட்ட கண்ணாடியும் ஏற்றியிருந்தது. சாம்பல் கண்ணாடியைப் பட்டை பட்டையாக மூடியிருந்தது. ஜெமிமா உள்ளங்கையால் வழித்தாள். போகவில்லை. மறுபடி வழித்தாள்.

சாம்பல் வெளியில் இல்லை. உள்ளே இருந்தது. கூரைவரை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குழம்புக்குள்ளிருந்து, ஓர் உள்ளங்கை வந்து அப்பியது. விரலில் நிச்சயதார்த்த மோதிரம். அப்பியபடியே மெல்லக் கீழே வழுக்கிப் போனது.

ஷாரிக் டிரைவர் கதவின் பிடியில் தொங்கினான். கால் ஊன்றி இழுத்தான். “யா அல்லா, யா அல்லா” என்று இழுத்தான். கதவு பிளந்தது.

கொட்டியது. வெதுவெதுப்பாக, கட்டி கட்டியாக, அந்த இனிப்பு நாற்றத்தோடு அவர்கள் காலின் மேல், முழங்காலின் மேல் கொட்டியது. ஒரு கார் கொள்ளுகிற அளவெல்லாம் தாண்டிக் கொட்டிக்கொண்டே இருந்தது. கரையைத் தாண்டி வழிந்து குளத்தோடு சேர்ந்தது. ஷாரிக் மண்டியிட்டு வாந்தியெடுத்தான். ஜெமிமா நகரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே மட்டம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூரை தெரிந்தது. சீட்டின் தலைப்பகுதி தெரிந்தது. வால்டரின் முடி. நெற்றி.

உயிரோடு இருந்தான். பெல்ட் போட்டபடி, தலை பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அது பின் சீட்டிலிருந்து எக்கி, அவன் முகத்தை இரண்டு கையாலும் தாங்கி, வாயோடு வாய் வைத்திருந்தது. குஞ்சுக்கு இரை ஊட்டுகிற பறவைபோல அவ்வளவு பொறுமையாக. அதன் உதடு எங்கே முடிகிறது, அவன் உதடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கன்னமும் கன்னமும் ஒன்றாய்க் கரைந்திருந்தன. நடுவில் கோடே இல்லை.

“வால்டர்” என்றாள்.

அவனுடைய ஒரு கண் மட்டும் வெளியே இருந்தது. அது உருண்டு வந்து அவளைப் பார்த்தது. அடையாளம் கண்டுகொண்டது. ஓரத்தில் நீர் கோர்த்தது.

தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கினான்.

மறுபடி விழுங்கினான்.