பயந்தால் போதும்

ஊருக்கு ஊர் துப்பாக்கிக் கடை வந்துவிட்ட அந்தக் காலத்திலும் அபிநயாவின் கைக்கு ஒன்றும் அமையவில்லை. அறுபத்திரண்டு வயது, விரல் மூட்டெல்லாம் வாதம். பாட்டில் மூடியே திறக்காத கை, குண்டேற்றத் துப்பாக்கியின் மேல்சட்டத்தைப் பின்னுக்கு இழுக்குமா? ரிவால்வரின் விசையோ இரண்டு விரல் போட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

“அந்தச் சின்னதைக் குடுப்பா, லேசா இருக்கு.”

“லேசா இருக்கிறதுதான் ஆன்ட்டி கையை உதைக்கும். கனமானது அவ்வளவு உதைக்காது, ஆனா உங்களால தூக்க முடியாது,” என்ற கடைக்காரன், கண்ணாடி அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்தான். “இதுக்குக் கை பலமே வேணாம். பயந்தாப் போதும்.”

அதன் பெயர் அச்சவிசை. கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். நாடியையும் வியர்வையையும் ஓயாமல் படிக்கும். அதிலுள்ள சின்னத் துப்பாக்கிக் குழல் தானே திரும்பி எதிரில் இருப்பவரைக் குறிவைக்கும். கட்டியவர் நிஜமாகவே அஞ்சி நடுங்கினால் சுடும். வாரை இறுக்கிக் கொக்கி போட்டுவிட்டவன் கடைக்காரன்தான். குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம் என்றான்.

சுரங்கம் மூடியபின் காலியான குடியிருப்பில், நாற்பது வீடுகளுக்கு அவள் ஒருத்திதான் மிச்சம். பிள்ளைகள் மாதம் ஒருமுறை திரையில் வருவார்கள். காலி வீடுகளில் செம்புக் கம்பி உருவுகிறவர்கள் பக்கத்துத் தெரு வரை வந்துவிட்டதாகக் கேள்வி.

அதை வாங்கிய மூன்றாம் வாரம், மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொல்லைக் கதவை நெம்பிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். கையில் கடப்பாரை. குழல் விருட்டென்று அவன் நெஞ்சுக்கு நேராகத் திரும்பியதும் அவன்தான் வெலவெலத்துப் போனான்.

அது சுடவில்லை. அவளுக்கே ஆச்சரியம், பயமே வரவில்லை. ஒன்றரை வருஷமாக வேறு மனிதக் கால் படாத வீடு. வந்தவன் எவனாக இருந்தால்தான் என்ன?

“சாப்டியாப்பா?” வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அவன் பெயர் லோகித். திருதிருவென்று முழித்தான், பிறகு கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். நன்றாகச் சாப்பிட்டான். ரசத்தில் உப்புக் கம்மி என்று குறை வேறு சொன்னான். அவளுக்கு அதைக் கேட்கவும் சந்தோஷமாக இருந்தது. தன் மகள் இப்போதுதான் நடை பழகுகிறாள் என்றான்.

கை கழுவிவிட்டு வந்தான். “நான் போறேன்மா.”

“போறேன்னு சொல்லக் கூடாதுப்பா. போயிட்டு வரேன்னு சொல்லு.”

“திருட வந்தவன்கிட்டப் போய் திரும்பி வான்னு சொல்றீங்களே.” சிரித்தபடி கொல்லைப் பக்கம் நடந்தான். “பயப்படாதீங்கம்மா. இனிமே இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

தைரியம் சொல்லத்தான் சொன்னான். அபிநயாவுக்கு அதுதான் பயமாகிவிட்டது. அவன் போய்விடுவான், இனி ஒருவரும் வரப்போவதில்லை. நாடி எகிறியது, உள்ளங்கை ஈரமானது. மணிக்கட்டில் குழல் அவன் முதுகைத் தேடித் திரும்பியது. அவள் பதறிப்போய்க் கொக்கியை இழுத்தாள். இழுக்க விரல்களில் வலு இல்லை.

“ஓடிடுப்பா,” என்றாள். “என்னம்மா?” என்று அவன் நின்றான்.

அவன் சாவை விசாரிக்க வந்த இயந்திரம் நாடிப் பதிவைச் சரிபார்த்தது. அச்சம் உண்மை, குற்றமில்லை என்று சான்று கொடுத்துவிட்டுக் கிளம்பியது. எதற்கு அஞ்சினாள் என்று அது கேட்கவில்லை.