கடிகாரம் தாவும்போது

காலையிலிருந்து பல தடவை சமர்த்தாகத் தேறிய சோதனை, ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஓட்டியபோது மறுபடியும் தோற்றது. இது பன்னிரண்டாவது தோல்வி. மேசைமேல் ஒரு பலகையில் திருகி மாட்டியிருந்த கதவுப்பூட்டு டக்கென்று திறந்து டக்கென்று மூடியது. சனிக்கிழமை பிற்பகல், ஆளில்லாத அலுவலகம், ஏசியின் முனகல், சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் முட்டுக்கட்டை. மென்பொருளைச் சோதிக்கிற அவள் கையெழுத்துப் போடாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. இது குழந்தைகள் காப்பகத்துக்கான கதவு. கார்டைக் காட்டி உள்ளே போனால் உள்ளிருப்பவர் எண்ணிக்கையில் ஒன்று கூட்டும், வெளியே வந்தால் ஒன்று கழிக்கும். இதை முதலில் மாட்டப்போவது இதே கட்டடத்தின் கீழ்த்தளக் காப்பகத்தில். அவளுடைய நான்கு வயது மகள் இப்போது அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

காரணத்தை மதியமே பிடித்துவிட்டாள். கணினியின் கடிகாரம் சீராக ஓடுவதில்லை. நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் அப்படியே நின்றுவிட்டு, பிறகு ஒரே தாவலில் முன்னே போகிறது. அது நிற்கிற நேரத்துக்குள் ஒருவர் உள்ளே போக, இன்னொருவர் வெளியே வந்தால் இரண்டுக்கும் ஒரே நேரம் பதிவாகும். எது முதலில் என்று மென்பொருளுக்குத் தெரியாது.

“அவ்வளவுதானே? நடுவுல கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிடுங்க, தேறிடும்,” என்றார் மேலாளர் போனில்.

“சோதனை தேறிடும் சார். கதவு?”

“உங்களோட மல்லுக்கட்ட என்னால முடியாதும்மா.”

“கட்டாதீங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

போனை வைத்துவிட்டு, தோற்ற பதிவுகளை வரிவரியாகத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி இருக்கவேண்டும். மூன்று இருந்தன. மூன்றுக்கும் ஒரே நேரம். உள்ளே, உள்ளே, வெளியே. நடு வரியில் கார்டு எண் இல்லை. கதவு எண் மட்டும் இருந்தது: இரண்டு. பலகையிலிருந்த பூட்டின் எண் ஒன்று. இரண்டாம் கதவே இன்னும் கிடையாது.

பன்னிரண்டு தோல்வியிலும் அப்படித்தான். பன்னிரண்டு பேர் உள்ளே. ஒருவரும் வெளியே வரவில்லை. மேலாளரை மறுபடி போனில் கூப்பிட்டாள்.

“சார், ரெண்டாம் நம்பர் கதவு எது?”

“கோச்சுக்காதீங்க. காலையில நீங்க மேல வந்தப்புறம் கீழ காப்பகத்துல மாட்டிட்டோம். கையெழுத்து திங்கக்கிழமை வாங்கிக்கலாம்னு…”

அவள் படிகளில் ஓடினாள். கீழே போகப்போக, பாலும் பவுடரும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில், வெகுநாள் பூட்டிய அலமாரியின் ஈர நாற்றம் அடித்தது.

கதவருகே காப்பகத்து ஆயா திரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். “வாங்கக்கா. எல்லாப் பிள்ளைங்களும் போயாச்சு, உங்க பொண்ணு மட்டும்தான் உள்ள. இது என்னன்னா உள்ள பதிமூணு பேருங்குது.”

கார்டைக் காட்டி உள்ளே போனாள். திரைச்சீலைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. நடுப் பாயில் மகள். சுற்றிலும் பாய்கள், போர்வைகள். ஒவ்வொரு போர்வைக்கும் கீழே சின்னதாக ஒரு மேடு.

மேடுகள் மூச்சு விட்டன. ஏறின. நின்றன. ஒரே தாவலில் இறங்கின.

மகளை வாரி எடுத்தாள்.

“அம்மா, சத்தம் போடாத. அவங்க முழிச்சுப்பாங்க.”

கதவருகே வந்தபோது அவளுக்குப் புரிந்தது. இரண்டு பேர் சேர்ந்து வெளியேறினால், கடிகாரம் நிற்கிற அந்த இடைவெளியில் இவையும் நடு வரியாகக் கூடவே வந்துவிடும். வீடுவரை வரும்.

கார்டைக் காட்டினாள். கதவு திறந்ததும் மகளை ஆயாவின் கையில் திணித்தாள்.

“தூக்கிட்டு ஓடு. திரும்பிப் பாக்காத.”

கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள். பூட்டு விழுந்தது. முதுகைக் கதவோடு ஒட்டி நின்றாள். பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

“எம் பொண்ணு பக்கத்துலயா படுத்தீங்க?” என்றாள். “என்னைத் தாண்டிப் போங்க பார்க்கலாம்.”

பன்னிரண்டு போர்வைகளும் எழுந்து உட்கார்ந்தன.

அவள் கண்ணை மூடவில்லை. இமைக்கக்கூட இல்லை.

போர்வைகள் நின்றன. அசைவில்லை.

அடுத்த கணம், ஒரே தாவலில், அவளிடமிருந்து ஓரடி தூரத்தில் நின்றன. நடுவில் நடந்ததை அவள் பார்க்கவில்லை.